கிளம்பியாச்சு

தாமிரபரணிக் கரையில் வெள்ளம் புகுந்த ஊர்கள் அனைத்தும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது முப்பத்தைந்து மணிக்கு, ராஜபாளையம் தென்காசி ரோட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றின் மாடியில், உங்கள் துயரம் ஒரு முடிவுக்கு வந்தது. அந்த நிமிடத்தில்தான் அங்கே கமிட்டி அமைக்கப்பட்டது. தலைவர் ஒருவர், இணைத் தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் ஒன்பது பேர், ஆலோசகர்கள் பதினான்கு பேர், செயலாளர் ஒருவர். மூட்டை தூக்க ஒருவரையும் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் ஒரு துணைக் கமிட்டி அமைத்தோம்.

செயலாளர் நான். பஞ்சு மார்க்கெட் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் அடித்துக் கொடுப்பது தொழில். இந்த வட்டாரத்தில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் வந்தால் அரிவாள் வரும் என்பது எனக்குத் தெரிந்த அளவு தாலுகா ஆபீஸுக்குத் தெரியாது. அந்தத் தகுதியில்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வெள்ள நிவாரணம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது ஒரு குறையாகப் படவில்லை, அங்கே யாருக்குமே தெரியாது.

தலைவர் சுந்தரபாண்டியன். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அதில் பெரும்பகுதி கேன்டீன் பொறுப்பு. ஆனாலும் ஊருக்குள் அவர் பெயர் 'மிலிட்டரி'. மணமேடைக்குப் பின்னால் தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி, கையில் சிவப்புப் பென்சிலோடு, எதிரி நாட்டுக்குள் நுழைவது போல ஸ்ரீவைகுண்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இணைத் தலைவர் தங்கப்பாண்டியன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஓய்வு பெறுவதற்குப் பதினொரு நாள் முன்னால் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆனவர். அந்தப் பதினொரு நாள் அவரைப் பொறுத்தவரை இன்னும் முடியவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர். அது போதாது என்று இரண்டு ஊரிலுமே ஆட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து உதவி அனுப்புவது வரலாற்றிலேயே முதல் முறை என்று மிலிட்டரி பேசிக்கொண்டிருந்தபோது, லாரி டிரைவர் வேல்பாண்டி மாடிப்படியில் ஏறி வந்தான். முப்பது வயது இருக்கும். பக்கத்து ஊரான மம்சாபுரத்துக்காரன். அவன் லாரியைத்தான் நிவாரணத்துக்குப் பிடித்திருந்தோம். கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தான்.

"அண்ணே, எந் தங்கச்சி பாண்டிசெல்வி லைன்ல இருக்கா. வெள்ளத்துக்குள்ளயேதான் இருக்கா. என்ன வேணும்னு அவளே சொல்லுதாளாம்."

"ஏலே, இங்க பிளானிங் நடக்குது. பொறவு வா," என்றார் மிலிட்டரி.

"என்ன வேணும்னு கேக்காம என்னத்தய்யா பிளான் பண்ணுதீக?"

மிலிட்டரி வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போனை வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்தேன்.

"அண்ணே, மம்சாபுரத்துப் பிள்ளைண்ணே நான். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் மருதங்கரையில கட்டிக் குடுத்திருக்கு. இங்க பள்ளிக்கூடத்துல நூத்திப் பன்னெண்டு பேரு கெடக்கோம். துணி வேண்டாம்ணே, துணி மலை மாதிரி வந்து கெடக்கு. அரிசியும் வேண்டாம், வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு. குடிக்கத் தண்ணி வேணும். கைப்பிள்ளைக ஏழு இருக்கு, பால் பவுடர் வேணும். பொம்பளைகளுக்கு வேண்டியது ஒங்களுக்கே தெரியும்லா. வயித்தால போனாக் கரைச்சுக் குடுப்பாகளே, அந்த உப்பு பாக்கெட்டு. கொசுவத்தி. அம்புட்டுத்தான்."

சட்டைப் பையில் இருந்த கல்யாணப் பத்திரிகைப் புரூஃபின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். எட்டு வரி வந்தது. மூன்று நாளில் இந்தக் கமிட்டியின் பெயரால் எழுதப்பட்ட காகிதங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

"முந்தாநேத்து வரைக்கும் ரோட்ல தண்ணி நின்னுச்சுண்ணே. இப்ப வண்டி வருது. நம்ம வண்டி எப்ப வரும்?"

"சாயங்காலத்துக்குள்ள அங்க நிக்கும்மா."

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"எங்க ஊர்லருந்து வருதுன்னு இங்க சொல்லட்டுமாண்ணே? கட்டிக் குடுத்து ரெண்டு வருசமாச்சு. எங்க அப்பா இல்லாததால தீவாளி, பொங்கல்னு பெருசா எந்தச் சீரும் வந்ததில்ல. அத்தை ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. ஆனா தெருவுல பேசுவாக. அதான் கேட்டேன்."

"தாராளமாச் சொல்லு. லாரி நெறையப் பொறந்த ஊருச் சீரு வருதுன்னு சொல்லு."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வாய் என்னுடையது.

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் மாரீஸ்வரி இருந்தாள். மகளிர் குழுத் தலைவி. அவளுக்குக் கமிட்டியில் பதவி எதுவும் தரவில்லை, அதனால் வேலை செய்ய நேரம் இருந்தது. காகிதத்தைக் கொடுத்தேன். ஒரு தடவை வாசித்தாள். மில்காரர்கள் இரண்டு பேருக்கு, மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு, தண்ணீர் கம்பெனிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டாள். பதினாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நூற்றிருபது பைகளும் தண்ணீர் கேன்களும் லாரியில் ஏறி, தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது.

"ஏத்தியாச்சு. வண்டிய எடுக்கச் சொல்லுங்க," என்றாள் என்னிடம்.

நான் மேலே போய்ச் சொன்னேன். மண்டபம் திடுக்கிட்டது.

"அதெப்படி?" என்றார் மிலிட்டரி. "ஃப்ளெக்ஸே இன்னும் வரலையே."

நியாயமான கேள்விதான். ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு லாரி நிறையத் தண்ணீர் போனால், அது தண்ணீர் லாரி என்றுதானே பார்ப்பவர்கள் நினைப்பார்கள்?

ஃப்ளெக்ஸ் அடிப்பது நான். எனவே தாமதத்தில் முதல் பங்கு என்னுடையது. 'ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் ஒருங்கிணைந்த வெள்ள நிவாரணக் குழு' என்று எழுதிக் காட்டினேன். தங்கப்பாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ஒருங்கிணைந்தன்னு போட்டுட்டு எங்க ஊர ரெண்டாவது போட்டிருக்கீக. தாயார் பொறந்த ஊருய்யா அது. ராஜ்யத்துச் சின்னத்துலயே எங்க கோபுரம்தான் இருக்கு. ஒங்க ஊர்ல என்ன இருக்கு, நாய்தான் இருக்கு."

"சாமான் யாருதுய்யா? எங்க மில்லு தந்தது. நாங்க இல்லாட்டி ஒங்க கோபுரத்தையா ஏத்தி அனுப்புவீக?" என்றார் மிலிட்டரி.

முக்கால் மணி நேரம் இது நடந்தது. கடைசியில் வழி சொன்னவன் நான்தான். லாரியின் இடது பக்கத்தில் ராஜபாளையம் முதலில், வலது பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் முதலில் என்று இரண்டு ஃப்ளெக்ஸ். கைதட்டினார்கள். ஒருவர் எனக்குத் துண்டு போட்டார். ஒரே ஃப்ளெக்ஸாக இருந்தால் ஒரு மணிக்கு முடிந்திருக்கும். இரண்டு என்பதால் மிஷினிலிருந்து எடுத்து வர மணி ஒன்று முப்பத்தைந்து ஆனது. வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம். மூன்று வரை லாரியைத் தொடக் கூடாது என்றார்கள். வெள்ளத்தில் கிடந்தவர்கள் நன்மைக்காகத்தான்.

மூன்று மணிக்கு மேல் கொடியசைக்க எல்லோரும் கீழே இறங்கினோம். அப்போது தங்கப்பாண்டியன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"கொடி எங்க ஊர்லயும் அசைக்கணும். கோபுரத்துக்கு முன்னாடி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மெட்ராஸ்லருந்து ஒரு பெரியவர் சாமி கும்பிட வாராரு. அவரு கையால அசைச்சா பேப்பர்ல எல்லா எடிசன்லயும் வரும்."

வேல்பாண்டி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"அய்யா, வண்டி தெக்க போகணும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்க இருக்கு."

"ஏலே, முப்பத்தி நாலு வருசம் போலீஸ்ல இருந்தவன்ட்ட திசை சொல்லுதியா?"

எல்லா எடிசன் என்றதும் மிலிட்டரிக்கும் மறுப்பு இல்லை. வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் வடக்கே ஒரு கோடு இழுத்து, அதற்கு 'முதல் கட்டம்' என்று பெயர் வைத்தார். எல்லோரும் மறுபடி மாடிக்குப் போனார்கள். மேலே தேங்காய் போளி வந்திருந்தது.

நான் லாரியின் பக்கத்திலேயே நின்றேன். நாலு மணி தாண்டியிருக்கும், வேல்பாண்டியின் போன் அடித்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"நீங்களே பேசுங்கண்ணே. வாக்குக் குடுத்தது நீங்கதான்."

"அண்ணே, வண்டி எங்க வருது?" என்றாள் பாண்டிசெல்வி.

லாரியைப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் முதலில் என்ற ஃப்ளெக்ஸ் காற்றில் ஒரு முனை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

"கிளம்பியாச்சும்மா."

எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. விசேஷ வீட்டுக்குப் போகிறவன் வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போனில் கிளம்பியாச்சு என்பான். கேட்கிறவரும் அதற்குத் தகுந்தபடிதான் இலையைப் போடுவார். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது. ஆனால் அவளும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே?

"நெசமாவே கிளம்பியாச்சாண்ணே, இல்ல நம்ம ஊருக் கிளம்பியாச்சா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் யாரும் திறந்து தர முடியாது.

"நெசமாவேம்மா," என்றேன்.

"நல்லதாப் போச்சுண்ணே. இப்பத்தான் எட்வின்னு ஒருத்தரு தூத்துக்குடியிலருந்து வேன்ல தண்ணி கேனும் பாலும் கொண்டாந்தாரு. எங்களுக்கு எங்க பொறந்த ஊரு வண்டி வருது, செத்த நேரத்துல வந்துரும், நீங்க மேல இருக்க ஊருக்குக் குடுங்கன்னு அனுப்பிட்டேன். அங்க யாருமே போகலயாம்ணே, பாவம். இங்க பரிபூரணம் மதினி ஒரு கேனையாவது எறக்குன்னு சொன்னாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன். இன்னும் எம்புட்டு நேரம்ணே ஆகும்?"

"வந்துருவோம்மா," என்று போனை வேல்பாண்டியிடம் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் போடாமலே அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. இறங்கி வந்து எனக்காக இடது பக்கக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்கண்ணே. சாவி எங்கிட்டத்தான் இருக்கு. நாம ரெண்டு பேரும் போயிருவோம். திட்டுறதத் திரும்பி வந்து வாங்கிக்கிடலாம்."

கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தேன். அது உண்மை. இன்னொரு காலையும் வைத்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன்.

"தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்," என்றேன்.

மேலே போனேன். தலைவரிடம் சொல்லவில்லை. மேஜைமேல் முன்பக்கம் கட்டுவதற்கான மூன்றாவது ஃப்ளெக்ஸின் மாதிரி கிடந்தது. எங்கள் கடைப் பையன்கள் அவசரத்தில் அடித்தது. செயலாளர் பெயர் தலைவர்களுக்கு அடுத்த வரியில் வர வேண்டும், ஆலோசகர்களுக்குக் கீழே போட்டிருந்தார்கள். எழுத்தும் சின்னது. பிறர் பெயருக்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்கிற காரியம், என் பெயருக்கு இப்படியா? உட்கார்ந்து அதைச் சரி செய்தேன். நான் இறங்கி வந்தபோது வேல்பாண்டி கதவைப் பூட்டிவிட்டு டீக்கடைக்குப் போயிருந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ராஜபாளையத்தில் ஒன்பதேகாலுக்குக் கொடி அசைந்தது. மிலிட்டரி சல்யூட் வைத்தார். வெள்ளம் பாதித்த தெற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லாரி வடக்கே புறப்பட்டது. பின்னாலேயே நாலு கார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரதவீதியில் நிறுத்தினோம். மார்கழிக் கூட்டம். தரிசனத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் லாரியில் ஏதோ பிரசாதம் தருகிறார்கள் என்று வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். தங்கப்பாண்டியன் அவர்களைப் பழைய ஞாபகத்தில் லத்தி இல்லாமலே விரட்டினார். பத்து மணிக்கு வர வேண்டிய பெரியவர் பத்தரைக்கும் வரவில்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை ராகுகாலம் வந்தது. அது முடிந்து ஒரு மணிக்குப் பெரியவர் வந்தார், ஆனால் பசியோடு வந்தார். சாப்பிட்டுச் சற்றுச் சாய்ந்தார். எழுந்தபோது எமகண்டம். நாலரைக்கு மேல்தான் அது விடும் என்று அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

இடையில் மூன்று மணி போல வேல்பாண்டி போனை என்னிடம் கொண்டுவந்தான். இந்த முறை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்ன பொய்ய நீங்களே சொல்லுங்கண்ணே. எனக்கு நாக்கு எந்திரிக்கல."

பாண்டிசெல்வியின் குரல் தாழ்ந்திருந்தது. யாருக்கும் கேட்காமல் பேச ஒதுங்கி வந்திருக்க வேண்டும்.

"அண்ணே, நேத்து ராத்திரி பிள்ளைக தண்ணி தண்ணின்னு அழுதுச்சு. கெணத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடுத்தோம். ஈர வெறகு, சரியாக் கொதிக்கல. ரெண்டு பிள்ளைகளுக்கு வயித்தால போயி, வாந்தி எடுத்து, காலையில டிராக்டர்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. அதுல ஒண்ணு பரிபூரணம் மதினி பேரன். எல்லாரும் என்னையவே பாக்காகண்ணே."

பின்னால் யாரோ ஒரு பெண் சத்தமாகச் சொன்னது கேட்டது. "அவ பொறந்த ஊரு வண்டி ஆகாசத்துல வருதோ என்னமோ, நல்லாப் பாருங்கடி."

"வந்துக்கிட்டே இருக்கோம்மா," என்றேன்.

"சரிண்ணே," என்றாள். முன்தினம் போல எந்தக் கிளம்பியாச்சு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இதைப் போய் மிலிட்டரியிடம் சொன்னேன். சொன்னேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன், அதற்குமேல் என் பெருமைக்கு எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே வருந்தினார். "கேஷுவால்ட்டி ரெண்டு," என்று டைரியில் குறித்தார்.

நாலு நாற்பதுக்குக் கொடி அசைந்தது. பச்சைக் கொடி எங்கோ மறந்துபோய், ஒரு துணைத் தலைவரின் பச்சைத் துண்டை வாங்கிப் பெரியவர் அசைத்தார். லாரி கோபுரத்தைத் தாண்டி ரதவீதி முக்குவரை போனது. அங்கே ஓர் ஆலோசகர் ஓடிப்போய் மறித்தார். ஃபோட்டோ விஷயங்களுக்கு ஆலோசகர்.

"இப்பப் போனா அங்க இருட்டிரும். இருட்டுல குடுத்தா பாதிக்கப்பட்டவுக முகம் படத்துல தெரியாது. காலையில போவோம், வெளிச்சம் நல்லா இருக்கும்."

அத்தனை பேரும் அதில் இருந்த நியாயத்தை உடனே பார்த்தார்கள். நானும் தலையாட்டினேன். என்னோடு சேர்ந்து ஆடிய தலைகள் இருபதுக்கு மேல் இருக்கும். எனக்கு என்னுடையது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. தகவல் தெரிந்து மாரீஸ்வரி போனில் கூப்பிட்டாள். "நாங்க பதினாறு பொம்பளைக ரெண்டு மணி நேரத்துல கட்டுனதுய்யா. ஒங்க ஆம்பளைக் கூட்டத்துக்கு அத உருட்டிட்டுப் போக ரெண்டு நாளா? வெக்கமா இல்ல?" இருந்தது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒருவழியாகத் தெற்கே கிளம்பினோம். நான் லாரியில் ஏறிக்கொண்டேன். காரில் மற்றவர்களோடு உட்கார முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காரில் இடம் இல்லை என்பதுதான் காரணம்.

சங்கரன்கோவில் தாண்டியதும் வேல்பாண்டி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நேத்துச் சாயங்காலம் அவகிட்டச் சொல்லிட்டேன்ணே. வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிக்கின்னு. கொடியசைக்க நிக்கின்னு."

"என்ன சொன்னா?"

"இத இங்க யார்ட்டயும் சொல்லிறாதண்ணேன்னா."

மருதங்கரைப் பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. சுவரில் இடுப்பளவு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. வாசலில் யாரோ அனுப்பிய பழைய துணிகள் நனைந்து குவியலாகக் கிடந்தன, ஆடு ஒன்று அதன்மேல் ஏறி நின்றது. சுவரோரம் பத்துப் பன்னிரண்டு தண்ணீர் கேன்கள். எட்வின் என்பவர், சொல்லாமலே, வெள்ளிக்கிழமை பொழுது அடையும் நேரத்தில் மறுபடி வந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வேனில் ஃப்ளெக்ஸ் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

பாண்டிசெல்வியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இருந்தாலும் தெரிந்தது. நைட்டியின் மேல் ஒரு துண்டு, இடுப்பில் கைக்குழந்தை. லாரி நிற்பதற்குள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். சிரித்த முகம். அந்த முகத்தை அவள் எங்கிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"வாங்கண்ணே, வாங்க. எல்லாரும் வாங்க." திரும்பி ஊரைப் பார்த்து, "நாஞ் சொன்னேம்லா, எங்க அண்ணன்மாரு வருவாகன்னு."

மிலிட்டரி பேசினார். மனிதநேயம் பற்றி ஒன்பது நிமிடம். தங்கப்பாண்டியன் அதே மனிதநேயத்தைப் பதினொரு நிமிடம் பேசினார். பிறகு படம். முதல் பையை வாங்க ஆள் வேண்டும், யாரும் முன்னால் வரவில்லை. பாண்டிசெல்விதான் வந்தாள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பையைப் பிடித்தாள். பையின் அந்தப் பக்கத்தைப் பதினேழு கைகள் பிடித்திருந்தன. அதில் ஒன்று என் கை.

"சிரிக்காதம்மா," என்றார் தங்கப்பாண்டியன். "நிவாரணம்லா."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கண் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருக்கிறாள். அவள்தான் பரிபூரணம்.

"ரெண்டு நாளா வந்துக்கிட்டே இருந்த வண்டி இதானாக்கும்?" எங்களைக் கேட்கவில்லை, பாண்டிசெல்வியைக் கேட்டாள். "வாசலுக்கு வந்த தண்ணியத் திருப்பி அனுப்புனியே ஏட்டி, இதுக்குத்தானா? எம் பேரன் கையில ஊசி குத்திக் கெடக்கான். ஒன் ஊருக்காரவுக சட்டையப் பாரு, கஞ்சி போட்டுத் தேய்ச்சு நிக்காக. எந்த வெள்ளத்தத் தாண்டி வந்த சட்டை இது?"

பாண்டிசெல்வியின் மாமியார் முத்துப்பேச்சி மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை, ஏதாவது பதில் சொல்லேன் என்ற கெஞ்சல்தான் இருந்தது.

நான் இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தப்பு அவள்மேல் இல்லை, அவளிடம் பொய் சொன்னவன் நான் என்று ஒரு வரி. மனதுக்குள் அதை வாக்கியமாகக்கூட அமைத்துவிட்டேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"மதினி, அவிய மேல குத்தம் இல்ல. சங்கரன்கோவில் பக்கம் ரோடு அத்துக்கிட்டுப் போயிருச்சாம். பாலத்தையே காணுமாம். வியாழக்கெழம கிளம்புனவுக, ரெண்டு நாளா வண்டிக்குள்ளயே கெடந்து, மதுர போயிச் சுத்தி வந்திருக்காக. எங்க அண்ணன் பாதி வழியில நின்னு அழுதுருக்கான், பிள்ளைகளுக்குத் தண்ணி போயிச் சேரலயேன்னு. விடியக்காலம் பாளையங்கோட்டையில குளிச்சிட்டு, மாத்துச் சட்டை போட்டு வாராக. ஒங்க முன்னால அழுக்கா நிக்கக் கூடாதுன்னு."

சொல்லும்போது அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேல்பாண்டி லாரியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துப்பேச்சியின் முகம் தளர்ந்தது. "அய்யய்யோ, ரெண்டு நாளாவா? ரோடு அம்புட்டு மோசமாய்யா?" என்று மிலிட்டரியைக் கேட்டாள்.

மிலிட்டரி தங்கப்பாண்டியனைப் பார்த்தார். தங்கப்பாண்டியன் மிலிட்டரியைப் பார்த்தார்.

"நெஞ்சளவு தண்ணிம்மா," என்றார் மிலிட்டரி.

"கழுத்தளவுன்னு சொல்லுங்க," என்றார் தங்கப்பாண்டியன். "இவுகதான் முன்னால எறங்கி வழி காட்டுனாக."

"இல்லம்மா, இவுகதான் முன்னால."

மூன்று நாளில் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தது அந்த இடத்தில்தான்.

பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாண்டிசெல்வியின் இடுப்பிலிருந்து குழந்தையைத் தன் இடுப்புக்கு வாங்கிக்கொண்டாள். "எனக்கென்னட்டி தெரியும்? வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். ரெண்டு நாளாப் பட்டினி கெடந்து வந்த ஆளுகள நிக்க வச்சுப் பேசுதேன் பாரு. டீ போடுங்க," என்றாள்.

எட்வினின் கேனிலிருந்து தண்ணீர் எடுத்து டீ போட்டார்கள். டம்ளர்கள் எட்டுதான் இருந்தன. எங்களுக்கு முதலில் கொடுத்தார்கள். எனக்குப் பாண்டிசெல்வியே கொண்டுவந்து நீட்டினாள். முதல் முறையாக முகத்துக்கு நேரே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"குடிங்கண்ணே. ஆறிரும்."

பக்கத்தில் நின்ற முத்துப்பேச்சி என் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "கண்ணெல்லாம் செவந்து கெடக்கே. ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீகளாய்யா வழியில?"

"ஆமாம்மா," என்றேன். "ரோடு ரொம்ப மோசம்."

ரோடு நன்றாக இருந்தது. மூன்றே கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம்.